மடிந்த காது

தமிழில் பூனையை 'வளர்க்கிறேன்' என்றுதான் சொல்கிறோம். பிள்ளைக்கும் அதே வினை, செடிக்கும் அதே வினை. ஆனால் பல வீடுகளில் அதற்கு முன்னால் இன்னொரு வினை வந்துவிடுகிறது: வாங்குவது. நல்ல சாப்பாடு, தடுப்பூசி, மருத்துவர் என்று வளர்ப்பில் கவனமாக இருந்தால் பூனை நலமாக இருக்கும் என்று நம்புகிறோம். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் சில பூனைகளின் நலம், யாரும் வளர்க்கத் தொடங்கும் முன்பே, அவை பிறக்கும் முன்பே முடிவாகிவிடுகிறது.

ஸ்காட்டிஷ் ஃபோல்ட் அப்படிப்பட்ட இனம். 1961இல் ஸ்காட்லாந்தின் ஒரு பண்ணையில் சூசி என்ற வெள்ளைப் பூனைக்குக் காது முன்பக்கமாக மடிந்திருந்தது. இன்று உலகில் உள்ள ஃபோல்ட் பூனைகளின் வம்சம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. குட்டிகள் பிறக்கும்போது காது நேராகத்தான் இருக்கும். மூன்று, நான்கு வாரத்தில் மடியத் தொடங்கும். வட்ட முகம், பெரிய கண், தலையோடு ஒட்டிய காது. பார்த்தால் ஆந்தைக் குஞ்சு மாதிரி இருக்கும்.

காது மடிவதற்குக் காரணம் குருத்தெலும்புக் கோளாறு. அந்தக் கோளாறு காதோடு நிற்பதில்லை. கணுக்கால், பாதம், வால் என்று குருத்தெலும்பு உள்ள மற்ற இடங்களையும் அது பாதிக்கிறது. மூட்டுகள் இறுகுகின்றன, சில பூனைகளுக்கு வால் விறைத்துப்போகிறது, நடை தள்ளாடுகிறது. 2016இல் டிஆர்பிவி4 என்ற மரபணுவில் இதற்கான மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பிரதி இருந்தாலே காது மடியும். இரண்டு பிரதி இருந்தால் நோய் கடுமையாகவும் சீக்கிரமாகவும் வரும். வலியைக் குறைக்கலாம், குணப்படுத்த முடியாது. பிரிட்டனின் முக்கியமான பூனைப் பதிவு அமைப்பு 1970களின் தொடக்கத்திலேயே இந்த இனத்தைப் பதிவதை நிறுத்திவிட்டது. அதன் பிறகும் இனம் அமெரிக்காவில் வளர்ந்து உலகம் முழுக்கப் பரவியது.

பொறியியல் வேலையில் ஒரு பாகத்தில் குறை தெரிந்தால் அதை வெளியே அனுப்பாமல் நிறுத்துவோம். இங்கே குறைக்குத்தான் விலையே. அதே ஈற்றில் பிறந்த நேர்க்காதுக் குட்டி மலிவு, மடிந்த காதுக் குட்டி விலை அதிகம்.

சிங்கப்பூரில் பல குடும்பங்களுக்கு இந்தத் தேர்வு இப்போதுதான் வெளிப்படையாக வந்திருக்கிறது. 1989 முதல் வீவக வீடுகளில் பூனைக்கு அனுமதி இல்லை. வளர்த்தவர்கள் சத்தமில்லாமல் வளர்த்தார்கள். 2024 செப்டம்பர் 1 முதல் ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமம் எடுக்கணும், மைக்ரோசிப் பொருத்தணும். எங்கள் வீட்டிலும் பேச்சு ஆரம்பித்தது. தம்பிக்கு ஃபோல்ட்தான் வேணும். அம்மாவுக்கு ஆரோக்கியம்தான் கவலை, அதற்கும் அவரே சமாதானம் வைத்திருந்தார்: "இவ்ளோ காசு கொடுக்கிறோம், நல்ல பூனையாத்தானே கொடுப்பாங்க." நான் மூட்டுக் கதையைச் சொன்னதும் தம்பி கேட்டான்: "அப்ப அது பொறக்காமலே இருந்திருக்கணும்ங்கிறியாக்கா?"

லேசாக ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. டெரெக் பார்ஃபிட் 1984இல் வெளியிட்ட 'ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்' நூலில் இதன் மனித வடிவத்தோடு மல்லுக்கட்டுகிறார். காது மடியாமல் பிறந்திருந்தால் அது இந்தப் பூனையே இல்லை, வேறொரு பூனை. இந்தப் பூனைக்கு இருந்த ஒரே மாற்று, இல்லாமல் போவது. கொஞ்சம் வலியோடு என்றாலும் சோபாவில் வெயில் காய்ந்துகொண்டு வாழ்கிற வாழ்க்கை மோசமானதில்லை என்றால், யாருக்கு என்ன தீங்கு செய்தோம்?

வெகுநாள் யோசித்ததில் எனக்குத் தோன்றுவது இது. கேள்வி இந்தப் பூனையைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டால் தம்பி சொல்வது சரி. ஆனால் நாம் கொடுக்கும் காசு இந்தப் பூனைக்குப் போவதில்லை. இது ஏற்கெனவே பிறந்துவிட்டது. அந்தக் காசு அடுத்த ஈற்றுக்குப் போகிறது. நேர்க்காதுப் பூனையும் பிறக்கலாம், மடிந்த காதுப் பூனையும் பிறக்கலாம் என்ற இடத்தில் நம் பணம் ஒரு பக்கம் சாய்கிறது. இன்னும் பிறக்காத ஒன்றுக்கு அங்கே எந்த உரிமையும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வலியில்லாத ஒன்றைக் கேட்கக்கூடிய இடத்தில் நின்றுகொண்டு, வலியுள்ளதையே கேட்டு வாங்குவது என் செயல். அதற்கு நான் பதில் சொல்லியாகணும்.

இப்படிப் பார்த்தால் வேறொன்றும் தெளிவாகிறது. யாரோ வளர்க்க முடியாமல் விட்டுவிட்ட ஃபோல்ட் பூனையை எடுத்து வளர்ப்பதில் இந்தத் தவறு இல்லை. அதே பூனை, அதே சோபா, செயல் மட்டும் வேறு. அங்கே நாம் அடுத்த குட்டிக்குச் சொல்லிவைக்கவில்லை, இருக்கிற வலியைப் பார்த்துக்கொள்கிறோம். மூட்டுக்கு எக்ஸ்ரே எடுப்பது, எடை கூடாமல் பார்ப்பது, தாவாமல் ஏற ஒரு படி வைப்பது, தேவைப்பட்டால் வாழ்நாள் முழுக்க வலி மருந்து. அதற்கு மனமும் பணமும் இருப்பவர்கள் எடுக்கட்டும்.

பிறழ்வு எல்லாமே நோய் இல்லை. நம் புளோக்குகளின் கீழே திரியும் பூனைகளைப் பாருங்கள். நிறையப் பூனைகளுக்கு வால் குட்டை, அல்லது நுனியில் ஒரு முடிச்சு. அடிபட்டதால் அப்படி ஆனது என்று பலர் நினைப்பார்கள். தென்கிழக்காசியப் பூனைகளிடம் வழிவழியாக வரும் மரபணு மாற்றம் அது, பொதுவாக அவற்றுக்குத் தொந்தரவு தருவதில்லை. அந்த வாலை யாரும் கேட்டு வாங்கவில்லை, அதற்கு விலையும் இல்லை.

பூனை தன் வலியை மறைக்கும் பிராணி. தாவுவதைக் குறைத்துக்கொள்ளும், அதிகம் தூங்கும், நாம் அதைச் சமர்த்து என்போம். ஃபோல்ட் பூனை பின்னங்கால்களை முன்னால் நீட்டி மனிதர்போல உட்காரும் படத்துக்கு எத்தனையோ பேர் இதயக்குறி போட்டிருக்கிறோம். காலை மடக்கினால் வலிக்கிறது என்பதால்கூட அது அப்படி உட்கார்ந்திருக்கலாம்.