புனருத்தாரணம் என்பது யாது?

ஆலயங்களைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாலஸ்தாபனம் செய்து, பழுதுற்றவற்றைத் திருத்திக் கும்பாபிஷேகம் செய்வது எமது மரபு. ஓடு மாறும், சுவர் மாறும். ஆயினும் அதே கோயில் என்றே வணங்குகின்றோம். எவ்வளவு மாறினாலும் பழையது பழையதாகவே இருக்குமா? இவ்வினாவுக்கு ஒரு பழைய மோட்டார் காரே நல்ல உதாரணமாகும்.

யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடிய ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்களை நாம் அறிவோம். இங்கிலாந்தில் 1940களின் பிற்பகுதி தொடக்கம் வெளிவந்தவை அவை. 1990 இற்குப் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதானபோது, மண்ணெண்ணெயிலேயே அவற்றை ஓட்டினர். காபரேற்றரில் சிறிது பெற்றோல் விட்டு இயக்கி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அமுக்கம் குறைந்த பழைய இயந்திரங்களாதலால் அது கைகூடியது. புகை கக்கியபடியே அவை நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றன.

இன்று அத்தகைய காரொன்றைப் புதுப்பிப்பவர், தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் தோற்றத்தை மட்டுமே உண்மையெனக் கொள்ளலாமா? அப்படியாயின் மண்ணெண்ணெய்க்காகச் செய்த மாற்றங்களும், உள்ளூர்த் தொழிலாளி அடித்துப் பொருத்திய தகடும் குறைகளாகிவிடும். ஆனால் அவையின்றேல் அக்கார் இன்று இருந்திராது. அச்சுவடுகளை முற்றாகத் துடைப்பது அதன் வாழ்வில் ஒரு பகுதியையே மறைப்பதாகும்.

அதற்காக எதையும் தொடாதிருக்கவும் இயலாது. துருப்பிடித்த அடித்தளத்தையும் பழுதான பிறேக்கையும் பழமையின் பெயரால் விட்டுவைத்தால் உயிருக்கே ஆபத்து. பழைய வாகனங்களுக்கான அனைத்துலகக் கூட்டமைப்பு 2012 இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம், மாற்றிய பாகங்களை இனங்காணும்படி அடையாளமிட வேண்டும் என்கின்றது. மாற்றுவது குற்றமன்று, மாற்றியதை மறைத்து, "எல்லாம் ஒறிஜினல்" என்று கூறி விற்பதே குற்றம்.

ஆகவே, காக்கக்கூடியதைக் காத்தல், காக்க முடியாததை மட்டும் மாற்றுதல், மாற்றியதை ஒளிக்காதிருத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே உண்மையான புனருத்தாரணம். கழற்றிய பாகத்தையும் எறியாது, அதன் கதையோடு பிள்ளைகளிடம் ஒப்படைத்தல் நன்று.

கோயில் திருப்பணிக்கும் இது பொருந்தும். பளிங்கும் வர்ணமும் அழகுதான். எனினும் முன்னோர் கைபட்ட தூணையும், உபயகாரர் பெயர் பொறித்த கல்லையும் அகற்றுமுன் ஒருகணம் சிந்திப்போமாக. அதற்கு எம்பெருமான் திருவருள் துணைநிற்பதாக.