மஜ்னூன் பாடியது முறையா?

1976-ஆம் ஆண்டில் ஹர்நாம் சிங் ரவேல் இயக்கத்தில் வெளிவந்த 'லைலா மஜ்னூ' என்னும் இந்திப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், அதைக் கண்டவர்கள் இரு அணியாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். ஒரு சாரார்க்கு அது பாட்டுக்காகவே பிறந்த படம். மதன் மோகன் அதற்கு இசையமைத்து முடிக்கும் முன்பே, 1975 ஜூலையில் மறைந்தார். எஞ்சிய பணியை ஜெய்தேவ் நிறைவேற்றினார். பாடல்களை எழுதியவர் சாஹிர் லூதியான்வி. ஐம்பதைக் கடந்துவிட்ட முகம்மது ரஃபீ, தம்மில் பாதி வயதும் நிரம்பாத ரிஷி கபூருக்குக் குரல் தந்தார். லைலாவாக வந்த ரஞ்சீதாவுக்கு லதா பாடினார். கதை மறந்துபோனாலும் அந்தக் குரல்கள் மறக்கவில்லை என்று இவர்கள் சொல்லுகிறார்கள்.

மற்றொரு சாராரின் மனக்குறை வேறு. காவியத்தை ஆட்டபாட்டமாக்கி விட்டார்கள். உண்ண மறந்து, உடுக்க மறந்து பாலையில் அலைந்தவன் பல்லவி, சரணம் பிசகாமலா பாடுவான். சூபிகள் இறைக்காதலுக்கு உவமையாகப் போற்றிய வரலாற்றைக் காசு கொடுத்துக் காணும் கேளிக்கையாக இறக்கிவிட்டார்கள் என்பது இவர்களின் வழக்கு. படம் பார்ப்பதே ஆகாது என்று விலகி நிற்கும் மூன்றாம் சாராரும் நம்மிடையே உண்டு. அவர்களோடு வழக்காட நாம் ஈண்டு முற்படவில்லை. முன்னிரு சாராரும் பாட்டைப் பற்றியே பேசுகின்றனர். பாட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் இருவரும் கேட்கவில்லை என்பதே நம் எண்ணம்.

முதலில், காவியம் கெட்டது என்னும் குறையை நோக்குவோம். கன்ஜா நகரத்துக் கவிஞர் நிஜாமி 1188-இல் இக்கதையைப் பாரசீகத்தில் பாடினார். ஷிர்வான் நாட்டரசர் அக்சிதானின் வேண்டுகோள் வந்தபோது அவர் மகிழ்ந்து ஏற்றுக்கொள்ளவில்லை, தயங்கினார். சோலையில்லை, அரசவை விருந்தில்லை, வறண்ட மணலும் கரடுமான மலையும் தவிர வேறொன்றுமில்லாத கதையை எவ்வாறு அழகுபடுத்துவது என்பது அவர் கவலை. மகனின் தூண்டுதலால் ஒப்புக்கொண்டு, நான்கு திங்களுக்குள் நாலாயிரத்துக்கு மேற்பட்ட ஈரடிகளாக முடித்தும் கொடுத்தார். அப்பெருங்கவிஞர் இல்லையே என்று தயங்கிய அணிகலன்களையெல்லாம் எண்ணூறு ஆண்டுக்குப் பின் பம்பாய்ப் படக்கூடம் தாராளமாக வழங்கிவிட்டது! வண்ண ஆடைகள், விருந்துக் காட்சிகள், கூட்டம் கூட்டமாக மக்கள். இதில் குறை காண்போர் கூற்றில் நியாயம் உண்டு. பாலையின் வறுமைதான் இக்கதையின் செல்வம் என்பதை நிஜாமி எழுதி முடித்தபோது அறிந்திருப்பார். படமெடுத்தவர்கள் அறிந்ததாகத் தெரியவில்லை.

முகத்தைப் பற்றியும் ஒரு சொல். மௌலானா ரூமியின் மஸ்னவியில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. கலீஃபா லைலாவைக் கண்டு, மற்றப் பெண்களைவிட நீ ஒன்றும் அழகியாகத் தோன்றவில்லையே, உனக்காகவா ஒருவன் பித்தனானான் என்று வியக்கிறார். நீங்கள் மஜ்னூன் அல்லர், ஆகவே பேசாதிருங்கள் என்னும் பொருள்பட அவள் விடை பகர்கிறாள். திரைப்படமோ எவர் கண்ணுக்கும் அழகியாகத் தோன்றும் ஒருத்தியைத் தேடிப் பிடித்து நிறுத்துகிறது. கலீஃபாவும் மயங்கிவிடுவார் என்றால், மஜ்னூனின் காதலில் வியப்பதற்கு என்ன எஞ்சியிருக்கிறது? கேமராவுக்கு வாய்த்தது கலீஃபாவின் கண்தான். ரஞ்சீதாவை ஏற்றவர்களும் ஏற்காதவர்களும் அந்தக் கண்ணைக் கொண்டே சச்சரவிட்டனர்.

இனிப் பாட்டுக்கு வருவோம். பாட்டு இக்கதைக்குப் புறம்பானது என்று சொல்லுவார் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. ஆமிர் குலத்துக் கைஸின் கவிதைகளும் அவற்றைச் சுற்றிய செய்திகளும் திரட்டப்பட்டுள்ள பெருநூல்களில் ஒன்று, பத்தாம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல் இஸ்ஃபஹானி தொகுத்த 'கித்தாபுல் அகானி'. பாடல்களின் நூல் என்பதே அப்பெயரின் பொருள். கைஸ் என்று ஒருவன் வாழ்ந்தானா என்றே பழைய அறிஞர்கள் ஐயுற்றனர். இருபதாம் நூற்றாண்டில் எகிப்தின் தாஹா ஹுசைனும் அந்த ஐயத்தை வலியுறுத்தினார். மனிதன் இருந்தானோ இல்லையோ, பாட்டு இருந்தது. ஒருவகையில், பாட்டுத்தான் அம்மனிதனைப் படைத்தது எனலாம். 1908-இல் பாக்கு நகரில் உஸேயிர் ஹாஜிபேயோவ், ஃபுஸூலியின் காவியத்தைத் தழுவி முகாம் இசையில் ஓர் இசைநாடகமே அமைத்தார். பெண்கள் மேடையேற இயலாத அக்காலத்தில் லைலாவாக நடித்துப் பாடியவர் ஓர் ஆடவர்! எகிப்தில் அஹ்மத் ஷௌகி 1931-இல் இதைக் கவிதை நாடகமாக்கினார். தெலுங்கில் 1949-இல் பானுமதியும் நாகேஸ்வர ராவும் நடித்த படம் சி. ஆர். சுப்பராமனின் இசையால் தமிழ்நாட்டிலும் ஒலித்தது. ஆகவே 1976-ஆம் ஆண்டுப் படம் பாட்டைப் புகுத்திக் கெடுத்தது என்பது பொருந்தாது.

ஆனால் புகழ்வோர் கவனியாத ஒன்று உண்டு. கைஸும் லைலாவும் பிரிந்ததற்குக் காரணமே பாட்டுத்தான்.

அரபுக் குலங்களிடையே ஒரு வழக்கம் நிலவியது. ஒருவன் ஒரு கன்னியின் பெயரைச் சொல்லிக் காதல் கவிதை பாடி, அது ஊர் வாயில் புகுந்துவிட்டால், அவனுக்கு அவளை மணமுடித்துக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் பாட்டில் உள்ளதெல்லாம் மெய்யென்று ஒப்புக்கொண்டதாகும் அல்லவா? பழைய செய்திகளின்படி, கைஸின் கவிதைகள் பரவிய பின்பே அவன் பெண் கேட்டான், மறுக்கப்பட்டான், லைலா வர்த் என்பவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். நிஜாமியின் காவியத்தில் அக்கணவனின் பெயர் இப்னு ஸலாம். நமக்குக் கொடியவனாகத் தோன்றும் தந்தை, பணத்தாசையாலோ குலப்பகையாலோ மட்டும் மறுத்தவர் அல்லர். மகளின் பெயர் ஒட்டகம் ஓட்டுவோர் நாவிலெல்லாம் உருள்வதைக் கேட்டு நடுங்கியவர். அவர் செய்தது சரியென்று நாம் வாதிடவில்லை. அவருடைய நடுக்கம் பொய்யன்று என்றே சொல்லுகிறோம். பெண்மக்களைப் பெற்றவர்கள் இதனை எளிதில் உணர்வார்கள்.

லைலாவின் நிலையோ இன்னும் துயரமானது. அவள் பெயரால் வழங்கும் பழைய அரபு ஈரடிகள் ஒரு வழக்கையே தொடுக்கின்றன. அவன் பட்ட பாடெல்லாம் தானும் பட்டதாகவும், அவன் அதனை வெளியிட்டுவிட்டதாகவும், தான் மறைத்து மறைத்தே உருகியதாகவும் அவள் கூறுகிறாள். நிஜாமியும் இக்கருத்தை விடாது பற்றிக்கொள்கிறார். அவனுக்கு மலை உண்டு, விலங்குகள் உண்டு, கதறுவதற்குத் திறந்த வெளி உண்டு. அவளுக்குத் தாயின் கண்காணிப்பும் கணவன் வீட்டுச் சுவர்களும் மட்டுமே. ஆயினும் அவள் ஊமையாக இருந்தாள் என்று எண்ணிவிடலாகாது. தெருச் சிறார்கள் மஜ்னூனின் கவிதைகளைப் பாடிச் செல்வதைக் கேட்டு, மறுமொழியாகத் தானும் கவிதை புனைந்து, துண்டுத் தாள்களில் எழுதிக் காற்றிடம் விட்டாள் என்கிறார் நிஜாமி. அவற்றில் பெயர் இல்லை. எடுத்தவன் அதை எவர் எவர்க்கு எழுதியது என்று அறியான். அவளும் கவிஞர்தான், ஆனால் எவருடைய பெயரையும் செலவிடாத கவிஞர்.

இதனை மனத்தில் கொண்டு படத்தின் புகழ்பெற்ற கட்டத்தைக் காண்போம். ஊரார் பித்தனென்று கைஸின்மேல் கல்லெறிகின்றனர். லைலா கூட்டத்தின் நடுவே ஓடிவந்து, தண்டனைக்குத் தன்னையே முன்னிறுத்தி, தன் பித்தனைக் கல்லால் அடிக்க வேண்டாமென்று பாடுகிறாள். லதாவின் குரலில் அதைக் கேட்டுக் கண் கலங்காதவர் குறைவு. பழைய காவியத்தின் லைலா இதை ஒருநாளும் செய்திராள் என்று குறை கூறுவோர் சொல்லுவர், அது உண்மைதான். எனினும் இந்த ஓரிடத்தில் நாம் படத்தின் பக்கமே சாய்கிறோம். படத்தில் உள்ள மற்றப் பாடல்களுக்கு யாரும் எந்த விலையும் கொடுப்பதில்லை. பாட்டு முடிந்ததும் காட்சி நகர்ந்துவிடுகிறது. இங்கு மட்டும் பாடுகிறவள் தன் மானத்தையே விலையாக வைத்துப் பாடுகிறாள். கைஸ் அவள் பெயரைச் செலவிட்டுப் பாடினான். இவள் தன் பெயரைத் தானே செலவிடுகிறாள். இரண்டும் ஒன்றல்ல. பிறர் பொருளை வாரி வழங்குவதற்கும் தன் பொருளை ஈவதற்கும் உள்ள வேற்றுமை அது.

அப்படியாயின் கைஸ் குற்றவாளியா? பித்தனுக்குக் குற்றமில்லை என்று மார்க்கம் கூறும். அறிவு தெளியும்வரை அவன் கணக்கில் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது. மஜ்னூன் என்னும் பட்டமே அவனுக்குப் பாதுகாப்பாக அமைந்துவிட்டது. தந்தை அவனைக் கஅபாவுக்கு அழைத்துச் சென்று நோய் தீர துஆச் செய்யச் சொன்னபோதும், காதல் இன்னும் பெருகவேண்டுமென்றே அவன் இறைஞ்சினான். அத்தகையவனிடம் கணக்குக் கேட்பது வீண். ஆனால் அவன் பாட்டைக் கேட்டுப் பாடம் செய்து அடுத்த கூடாரத்துக்குக் கொண்டுபோனவர்கள் பித்தர்கள் அல்லரே! அவர்கள் நல்ல தெளிவோடுதான் இருந்தார்கள். கவிதையின் இனிமையை நுகர்ந்தார்கள். அந்த இனிமைக்குரிய விலையை ஒரு கூடாரத்துக்குள் ஒரு பெண் கட்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்து இரங்கியவர்களும் அவர்களே, அவளைப் பார்த்துக் கிசுகிசுத்தவர்களும் அவர்களே. திரையரங்கில் அமர்ந்து, பாட்டு நன்று என்றும் பாட்டுத் தீது என்றும் பிரிந்து நின்ற நாம் அனைவரும் அந்தக் கேட்டோர் கூட்டத்தின் வழித்தோன்றல்கள்தாம்.

இது பாலைவனத்தோடு போன கதையுமன்று. ஓர் இளைஞன் ஒரு பெண்ணின் பெயரைத் தன் நண்பர்களிடம் உருகி உருகிச் சொல்லுகிறான். கவிதை என்று எழுதிப் பலர் கைக்கும் கொடுக்கிறான். ஊர் அவனை உணர்ச்சி மிக்கவன் என்கிறது. அவளைப் பற்றி ஊர் சொல்லும் சொல் வேறு; அவளுக்கு வந்த சம்பந்தம் வாசலோடு திரும்புகிறது. நம் வீடுகளில் பெண் குழந்தைகளுக்கு லைலா என்று ஆசையோடு பெயரிடுகிறோம். ஆண் குழந்தைக்கு மஜ்னூன் என்று பெயரிட்டவரை நாம் கண்டதில்லை. நெஞ்சின் ஆழத்தில் நமக்கு இது தெரிந்தே இருக்கிறது போலும்.

ரவேலின் படத்துக்குப் பின்னும் கதை ஓயவில்லை. 2018-இல் சாஜித் அலி அதைக் காஷ்மீரத்தில் வைத்து மீண்டும் படமாக்கினார். அப்போது வரவேற்பின்றிப் போன அப்படம், 2024-இல் மறுபடியும் திரைக்கு வந்தபோது இளைஞர்கள் திரண்டு சென்று பார்த்தனர். அதன் பாடல்களைப் பற்றியும் இரு கட்சி உண்டு. பாட்டு மிகுதியா குறைவா என்னும் அளவிலேயே அவ்வழக்கும் நடைபெறுகிறது.

நிஜாமியின் காவியத்தில் இலையுதிர் காலத்தில் லைலா நோயுறுகிறாள். முடிவு நெருங்கியதை அறிந்து தாயை அருகே அழைக்கிறாள். இத்தனை ஆண்டுகள் அடக்கிவைத்த மறையை அப்போதுதான் அவளிடம் திறக்கிறாள். தன்னை மணமகளைப் போல உடுத்தி அடக்க வேண்டுமென்றும், அவன் கபுறடிக்கு வருவான், வந்தால் பரிவோடு நடத்த வேண்டுமென்றும் கேட்டுக்கொள்கிறாள். அந்த அறையில் அதைக் கேட்டவள் அவள் தாய் ஒருத்தியே.