கடிக்காத கொசு

போன மாதம் கனடாவிலிருந்து நண்பன் ஒருவன் வந்திருந்தான். பி.காம்.மில் என் பெஞ்ச். எனக்கு எத்தனை முறை கூட்டினாலும் டேலி ஆகாத பேலன்ஸ் ஷீட், அவனுக்கு மட்டும் முதல் தடவையே டேலி ஆகும். இப்போது பிரிட்டிஷ் கொலம்பியாவில், கம்லூப்ஸ் என்ற ஊரில், யார் யாருடைய வரிக் கணக்கையோ பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கோடம்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட். சாயங்காலம் ஆறரை மணி. ட்யூப்லைட் போட்டதும் வழக்கம்போல ஒரு கூட்டம் வந்து மொய்த்தது. கொசு பேட்டை எடுத்தேன். உங்கள் வீட்டிலும் இருக்குமே, டென்னிஸ் மட்டை மாதிரி ஒன்று. வீசினால் படபடவென்று வெடிக்கும். கொஞ்சம் பாவமாகவும் நிறைய சந்தோஷமாகவும் இருக்கும்.

அவன் என் கையைப் பிடித்துவிட்டான்.

"டேய், அது கொசு இல்லடா. கடிக்காது."

இருபது வருடமாக நான் அடித்துக்கொண்டிருப்பதில் பாதி கொசுவே இல்லையாம். கைரானமிட் என்று பெயர். கொசுவுக்குச் சித்தப்பா மகன் மாதிரி. ரத்தம் குடிக்கத் தெரியாது. பெரிசான பிறகு பெரும்பாலும் சாப்பிடுவதே கிடையாது. இரண்டொரு நாள் பறந்து, ஜோடி சேர்ந்து, முட்டையிட்டுப் போய்ச் சேர்ந்துவிடும். அதன் வாழ்க்கையெல்லாம் அதற்கு முன்னால், தண்ணீருக்கு அடியில். சேற்றுக்குள் சிவப்புப் புழுவாக இருக்கும். நம்முடைய ரத்தத்தில் இருக்கிற அதே ஹீமோகுளோபின்தான் அந்தச் சிவப்புக்கும் காரணம். வாஸ்து மீன் கடையில் 'பிளட் வேர்ம்' என்று பாக்கெட்டில் விற்பது இதைத்தான்.

எங்கள் பேட்டையில் அது எங்கே வளர்கிறது என்று கேட்காதீர்கள். பக்கத்தில் ஒரு காலத்தில் பெரிய ஏரி இருந்தது. 1920களில் அதை வற்ற வைத்துத்தான் தி.நகர் கட்டினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. மிச்சம் இருக்கிற தண்ணீர் மழைநீர்க் கால்வாயில் நிற்பதுதான்.

கம்லூப்ஸில் ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் ட்ரவுட் மீன். நண்பனுக்கு சனி, ஞாயிறு அங்கேதான். பெட்டியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினான். உள்ளே வரிசையாகத் தூண்டில் முள்கள். ஒவ்வொன்றும் அரிசி மணியைவிடச் சின்னது. முள்ளின் மேல் கறுப்பு நூல் சுற்றி, அதன்மேல் தலைமுடி மாதிரி சிவப்புக் கம்பியை இழைத்து, தலைப்பக்கம் வெள்ளையாக ஒரு மணி.

"இந்த வெள்ளை எதுக்கு?"

"புழு கூட்டுப்புழுவாகி மேலே வரும்போது தலைகிட்ட வெள்ளையா செவுள் மயிர் இருக்கும். அது இல்லேன்னா மீன் கிட்ட வந்து பார்த்துட்டுத் திரும்பிப் போயிடும்."

ஏரி ட்ரவுட்டுக்கு எதிரே பெரிய இரையைத் தொங்கவிட்டால் பல நாள் ஏறெடுத்தும் பார்க்காதாம். அது பாட்டுக்கு அடியிலிருந்து மெல்ல மேலே மிதந்து வருகிற ஆயிரக்கணக்கான கூட்டுப்புழுக்களை, பொரி சாப்பிடுகிற மாதிரி ஒவ்வொன்றாக உறிஞ்சிக்கொண்டிருக்கும். அந்த ஆயிரத்தில் இவன் செய்த ஒன்றும் இருக்க வேண்டும். அசைக்கக்கூடக் கூடாது. ஏரியின் தரைக்கு ஓர் அடி மேலே சும்மா தொங்கவிட்டுவிட்டு, மிதவையைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார வேண்டும்.

இது ஏதோ வெள்ளைக்காரன் ஊர் சமாச்சாரம் என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள். நம் நீலகிரியிலும் ட்ரவுட் இருக்கிறது. தானாக வந்ததல்ல. ஊட்டியில் குளிருக்கு ஒதுங்கிய துரைமார்களுக்குத் தங்கள் ஊர் மீன் இல்லாதது பெரிய குறை. மதராஸில் ராணுவ மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே 1860களிலேயே கொண்டுவரப் பார்த்துத் தோற்றார். 1907ல் ஹெச்.சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகுதான் மலை ஓடைகளில் ட்ரவுட் நிலைத்தது. பசிபிக் கரையைப் பூர்வீகமாகக் கொண்ட மீன் நம் மலைக்கு வந்துவிட்டது. நம் பையன் அந்த மீனின் ஊருக்குப் போய்விட்டான். பதிலுக்கு இங்கிருந்து ஒன்று போனது. நம் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகில் மெழுகு வைத்த மாதிரி புள்ளி இருக்கும். அதைத் தூண்டில் பூச்சியில் கட்டினால் அழகு என்று கண்டுபிடித்து, அந்தப் பறவையை ஒருவழி பண்ணினார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காபி கொண்டுவந்த என் மனைவி அந்த டப்பாவைப் பார்த்துவிட்டு சாதாரணமாகத்தான் கேட்டாள்: "பிடிச்சு என்னண்ணா பண்ணுவீங்க? வறுவலா?"

"இல்லம்மா. விட்டுடுவேன்."

"அப்ப எதுக்குப் பிடிக்கணும்?"

உலகத்துச் சட்டசபைகள் இந்தக் கேள்விக்கு நேர் எதிரான பதில்களைச் சொல்லியிருக்கின்றன. பிரிட்டிஷ் கொலம்பியாவில் சில ஏரிகளில் ட்ரவுட்டைப் பிடித்தால் திரும்ப விட்டே ஆக வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போனால் குற்றம். சுவிட்சர்லாந்தில், 2008ல் வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி, திரும்ப விடுகிற எண்ணத்தோடு பிடிப்பதே குற்றம். சாப்பிடப் பிடிக்கிறாயா, பிடி. விளையாட்டுக்கு என்றால் அந்த உயிரைத் தொடாதே என்கிறது.

எனக்கு சுவிஸ் கட்சிதான் பிடித்தது. காசிமேட்டில் படகு ஏறுகிறவருக்கும் மீனுக்கும் நடுவே ஒரு கணக்கு இருக்கிறது: பசி. அது கொடூரமான கணக்காக இருக்கலாம், பொய்க்கணக்கு அல்ல. இவனுடையதில் என்ன இருக்கிறது?

நண்பன் விடவில்லை. முள்ளில் எதிர்முள் கிடையாது, நழுவி வந்துவிடும். கையை நனைத்துக்கொண்டுதான் தொடுவேன். தண்ணீரை விட்டு வெளியே எடுக்கவே மாட்டேன். நாங்கள் கட்டுகிற லைசென்ஸ் பணத்தில்தான் ஏரியே பிழைக்கிறது. எல்லாம் நியாயமான என்ட்ரிகள். மீனுக்கு வலிக்குமே என்றேன். அதற்கும் இரண்டு தரப்பு இருக்கிறது. 2002ல் ஜேம்ஸ் ரோஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர், வலியை உணர்வதற்கு வேண்டிய மூளைப் பகுதியே மீனுக்குக் கிடையாது என்று எழுதினார். அடுத்த வருடமே, டாலி ஆட்டுக்குட்டியை உருவாக்கிய அதே ராஸ்லின் நிலையத்தில், லின் ஸ்னெடன் குழுவினர் ட்ரவுட்டின் உதட்டில் அமிலத்தையும் தேனீ விஷத்தையும் ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். மீன்கள் இப்படியும் அப்படியும் ஆடின. அமிலம் ஏறியவை உதட்டைக் கூழாங்கல்லில் போய்த் தேய்த்தன. வெகுநேரம் தீனியைத் தொடவில்லை. (அதைக் கண்டுபிடிக்க அந்த மீன்களை அவர்கள் படுத்திய பாடு தனிக் கட்டுரை.)

வள்ளுவர் தூண்டிலைச் சூது அதிகாரத்தில் கொண்டுபோய் வைத்தார். ஜெயித்த பணத்தை, மீன் விழுங்கிய முள்ளுக்கு ஒப்பிட்டார். அவர் பார்த்தது கரையிலிருந்து அல்ல, மீன் பக்கத்திலிருந்து.

இதுவரைக்கும் நான் வசதியாக வாதாடிக்கொண்டிருந்தேன். அப்போது அவன் டப்பாவுக்கு அடியிலிருந்து இன்னொரு சாமானை எடுத்தான். கண்ணுக்கு மருந்து விடுகிற ஃபில்லர் மாதிரி, ரப்பர் குமிழ் வைத்த குழாய்.

"முதல் மீன் மாட்டினதும் இதைத் தொண்டைக்குள்ள விட்டு மெல்ல உறிஞ்சணும். அது கடைசியா என்ன சாப்பிட்டுதோ அது வந்துடும். என்ன கலர், என்ன சைஸ்னு பார்த்து, அதே மாதிரி ஃப்ளையை மாத்திக்க வேண்டியதுதான்."

எனக்குப் பேச்சு நின்றுவிட்டது.

2005. நான் ஒரு பத்திரிகையில் நிருபர். வாய்ப்புக்காகக் காத்திருப்பவர்களைப் பற்றி அட்டைப்படக் கட்டுரை வேண்டும். கோடம்பாக்கத்தில் அப்படி ஒருவரைப் பிடித்தேன். ஊரிலிருந்து வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. பேட்டி என்றால் ஒதுங்கிப் போவார். 'ஹீரோவா போடறேன், அம்பதாயிரம் கொண்டா' வகையறாக்களையெல்லாம் பார்த்துச் சிரிக்கக் கற்றவர். பெரிய இரை அவரிடம் செல்லாது.

இரண்டு நாள் கூடவே டீ குடித்தேன். எதில் உயிரோடு இருக்கிறார் என்று புரிந்தது. யாராவது ஒரு உதவி இயக்குநர் "லைன் நல்லாருக்கு தம்பி" என்பார். அதில் ஒரு வாரம் ஓடும். "அடுத்த மாசம் டிஸ்கஷன் இருக்கு, பார்ப்போம்" என்பார் இன்னொருவர். அதில் ஒரு மாதம். மூன்றாம் நாள் நான் சொன்னேன்: "உங்க நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வாங்க, படிக்கிறேன்." படித்தேன், ஒரு மணி நேரம். "அந்த டைரக்டர் எனக்குத் தெரிஞ்சவர்தான். ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கறேன்." அவ்வளவுதான். பெரிதாக எதுவும் இல்லை. தினமும் அவர் சாப்பிடுகிற சைஸ்தான்.

எல்லாவற்றையும் சொன்னார். அசிஸ்டென்ட் டைரக்டராகிவிட்டதாக வீட்டில் நம்பிக்கொண்டிருப்பதை. மாதாமாதம் ஊருக்கு அனுப்புகிற மணியார்டர், ராத்திரி ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிற காசு என்பதை. பெயரை மாற்றித்தான் எழுதினேன். ஊரையும், அப்பாவின் டீக்கடையையும் மாற்ற மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதுகூடப் பொய். மாற்றினால் ருசி போய்விடும் என்று விட்டுவிட்டேன். கட்டுரைக்கு நல்ல பெயர்.

பத்து நாள் கழித்து ஆபீஸ் வாசலில் நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். "அப்பா பேசறதில்ல சார்" என்றார், தகவல் மாதிரி. பிறகு, "டைரக்டர்கிட்ட சொல்றேன்னீங்களே, சொன்னீங்களா சார்?"

"அவுட்டோர் போயிருக்கார். வந்ததும் சொல்றேன்."

நண்பன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தான். என் மனைவிக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கியிருந்தது. "விட்டப்புறம் அது பிழைக்குதா, செத்துப்போகுதான்னு எப்படிண்ணா தெரியும்?"

"தெரியாதும்மா. கையை எடுத்ததும் நீந்திப் போயிடும். நாம பார்க்கறது அவ்வளவுதான்."

அவர் பவர் ஹவுஸ் பஸ் ஸ்டாப் பக்கமாகப் போனார், நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. நன்றாகத்தான் நடந்து போனார்.