அச்சமும் அறிவும்

குழந்தையைக் காப்பதற்காக அதனை அச்சுறுத்துவது அறமாகுமா? கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ் பகுதிப் பெற்றோருக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று.

1880-களில் வேரூன்றிய தங்கச் சுரங்கப் பணி 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் நின்றது. பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட சயனைடு கழிவுமண்ணோ தங்கவயலில் குன்றுகளாக எஞ்சியது. காற்று வீசும் காலத்தில் அதன் நுண்தூள் வீடுகளுக்குள்ளும் படிகிறது. சிறுவர் கண்ணுக்கு அக்குன்று விளையாட்டுத் திடல்.

'அங்கே பூதம் உண்டு' என்று மிரட்டினால் குழந்தை சில காலம் அஞ்சும். பூதம் பொய் எனத் தெரிந்ததும் அபாயமும் பொய் என்றே கருதும். அடிக்கு அஞ்சும் பிள்ளையோ காயத்தையும் மறைக்கும்.

உண்மையையே கூறுங்கள்: 'இம்மண்ணில் சிலிகா தூள் உண்டு; சுரங்கத்தில் உழைத்த தாத்தாக்கள் பலரின் நுரையீரலைக் கெடுத்தது அத்தகைய தூளே.' பின்னர் நீங்களே செய்து காட்டுங்கள். காற்று நாட்களில் சன்னலை மூடுங்கள். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கைகளைக் கழுவியபின் உண்ணுங்கள். குன்றில் விளையாடியதைப் பிள்ளை ஒப்புக்கொண்டால் முதலில் குளிப்பாட்டுங்கள். கண்டிப்பு பிறகு ஆகட்டும்.

அஞ்சத்தக்கதற்கு அஞ்சுவது அறிவுடைமை என்பது வள்ளுவர் கருத்து. எதற்கு, ஏன் அஞ்ச வேண்டும் என்று அறிவிப்பதே பெற்றோர் கடமை. மிரட்டல் நம் பார்வை எட்டும்வரை காக்கும். அறிவு அதற்கு அப்பாலும் துணை செல்லும்.