ஏட்டில் ஏறாத உழைப்பு

உழைப்பவனுக்கு உரிமை எதிலிருந்து பிறக்கிறது? கையொப்பமிட்ட தாளிலிருந்தா, அவன் சிந்திய வியர்வையிலிருந்தா? ஆண்டுக்கணக்கில் ஓரிடத்தில் உழைத்தவனை, ‘இனி இங்கே வேலை இல்லை’ என்று அனுப்பிவிடும் நாளில்தான் இவ்வினா கூர்மை பெறுகிறது. அவன் இழப்பீடு கேட்கிறான். ‘ஒப்பந்தம் எங்கே?’ என்று மறுமொழி வருகிறது. ஒப்பந்தம் இல்லை, ஆகவே உரிமையும் இல்லை என்று வழக்கை முடித்துவிடுகின்றனர். இம்முடிவு அறத்திற்கும் ஒவ்வாது. மலேசியச் சட்டத்திற்கும் ஒவ்வாது.

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் வாய்ச்சொல்லை நம்பி வேலையில் சேர்வது புதிதன்று. ஊர்க்காரர் என்ற உறவும் தெரிந்தவர் என்ற நம்பிக்கையுமே அங்கு ஒப்பந்தமாக நின்றன. தாள் கேட்பது ஐயுறுவதாகும் என்ற கூச்சமும் உண்டு. இக்கூச்சத்திற்கு வரலாற்றிலும் வேர் இருக்கிறது. மலாயாவுக்கு முதலில் வந்த தமிழர் பலர் எழுத்து ஒப்பந்தத்தால் கட்டுண்டே வந்தனர். அந்த எழுத்து கூலியைக் கட்டியதேயன்றித் துரையைக் கட்டவில்லை. அதை மீறிய கூலிக்குத் தண்டனை காத்திருந்தது. 1910இல் அம்முறை நிறுத்தப்பட்டது. கங்காணி முறையில் வந்தவர்களுக்கோ பெரும்பாலும் கங்காணியின் சொல்லே சாசனம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வோடு மானத்தையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களை வழிநடத்திய ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்; துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் பலியாயின. எழுத்து இருந்தால் மட்டும் நீதி வந்துவிடாது என்பதும், எழுத்து இல்லாததால் உரிமை அற்றுவிடாது என்பதும் இவ்வரலாறு உணர்த்தும் உண்மைகள்.

இனி, சட்டம் கூறுவதைக் காண்போம். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், வேலை ஒப்பந்தம் என்பது வாய்மொழியாகவோ எழுத்து மூலமாகவோ அமையலாம் என்றே வரையறுக்கிறது. ஒரு மாதத்திற்கு மேற்பட்ட காலத்திற்கு வேலை என்றால் அதனை எழுத்தில் அமைக்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது. 2023 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இன்னும் தெளிவானது. எழுத்து ஒப்பந்தம் இல்லாத இடத்தில், வேலை செய்யும் முறையையும் நேரத்தையும் ஒருவர் கட்டுப்படுத்தினாலோ, கருவிகளை அவரே தந்தாலோ, வேலை அவர் தொழிலின் இன்றியமையாப் பகுதியாக இருந்தாலோ, மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை அவர் முதலாளி என்றும் உழைத்தவர் தொழிலாளி என்றும் கொள்ளப்படும்.

முன்னறிவிப்புக் காலம் எழுத்தில் இல்லையெனில், இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 4 வாரம், ஐந்து ஆண்டுக்குக் குறைந்ததற்கு 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம் என்று சட்டமே நிரப்பிவிடுகிறது. ஆட்குறைப்புக்கான இழப்பீட்டை 1980ஆம் ஆண்டு விதிகள் வகுத்துள்ளன. ஓராண்டேனும் தொடர்ந்து உழைத்தவருக்கு, சேவைக் காலத்திற்கேற்ப ஆண்டொன்றுக்கு 10, 15 அல்லது 20 நாள் ஊதியம் உரியது. மாத ஊதியம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத ஒருவர் ஏழாண்டு உழைத்திருந்தால் 140 நாள் ஊதியம் அவருக்குச் சேரும். ஊழியர் சேமநிதிக் கணக்கு, பெர்க்கேசோ சந்தா, வங்கியில் ஏறிய சம்பளம், உடன் உழைத்தோர் வாக்குமூலம் ஆகிய யாவும் அவருக்குச் சான்றுகளே. ஆட்குறைப்பே பொய்யான காரணம் என்று கருதுபவர், வேலை நீங்கிய 60 நாள்களுக்குள் தொழிலுறவுத் துறையிடம் முறையிடலாம். அந்நாள்கள் கடந்தால் அவ்வழி அடைபட்டுவிடும்.

ஆயினும், மறுபக்க வாதத்தையும் கேட்டாக வேண்டும். சிறு கடைக்காரரும் எளியவரே. வியாபாரம் நொடித்தால் அவர் ஆளைக் குறைக்காமல் என்ன செய்வார்? தொழிலாளியின் மகள் திருமணத்திற்குப் பணம் தந்தவரும் அவர்தானே? இவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. தொழிலைச் சுருக்கும் உரிமையை அவருக்கு யாரும் மறுக்கவில்லை. ஆனால், செய்த உதவி வேறு, பட்ட கடன் வேறு. உதவிக்கு ஈடு நன்றி. உழைப்புக்கு ஈடு ஊதியமும் அதனைச் சார்ந்த உரிமையும். நன்றியைக் காட்டிக் கடனைக் கழிப்பது அன்பாகாது. ‘செய்ந்நன்றியறிதல்’ என ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அதைத் தொழிலாளிக்கு மட்டும் வகுத்தாரில்லை. கடையைக் காலையில் திறந்து இரவில் பூட்டிய கைகளுக்கு முதலாளியும் நன்றிக்கடன் பட்டவரே.

மேலும், எழுதித் தரும் கடமை முதலாளியுடையது. தாம் செய்யத் தவறியதையே தமக்குக் கேடயமாக்கிக் கொள்வதை எந்த அறநூலும் ஏற்காது. வாய்ச்சொல்லை இருவரும் நினைவில் வைத்திருக்கலாம். ஆனால் மறப்பதால் இலாபம் அடைபவர் ஒருவரே. வலியவரின் மறதிக்கு எளியவர் விலை கொடுக்கும்படி விடுவது நீதியன்று.

ஆகவே எழுத்து தேவைதான். உரிமையை உண்டாக்க அன்று. ஏற்கெனவே உண்டான உரிமையைக் காக்க. அன்றைய ஒப்பந்தம் ஒருவரை மட்டுமே கட்டியது. இன்றைய ஒப்பந்தம் இருவரையும் கட்ட வேண்டும். அதன் படி இருவர் கையிலும் இருக்க வேண்டும். பள்ளியை விட்டு நேரே வேலைக்குச் செல்லும் மாணவன், முதல் நாளிலேயே பணிவோடு அதைக் கேட்டுப் பெறக் கற்றிருத்தல் வேண்டும். அவ்வாறு கேட்பது ஐயுறவு ஆகாது; தன் உழைப்பைத் தானே மதிப்பதாகும்.