முதுமையில் வரும் இரத்த நோய்: சிகிச்சை வேண்டாம் என்றால் பாவமா?



12 ஆண்டுகளாக இரத்தப் பெருக்கினால் வருந்திய ஒரு பெண்ணைப் பற்றி நற்செய்தியில் வாசிக்கிறோம். சனக்கூட்டத்தின் நடுவே வந்து, ஆண்டவருடைய ஆடையைத் தொட்டுச் சுகமடைந்தவள் அவள். புனித மாற்கு இதை எழுதும்போது, அவள் பல வைத்தியரிடம் போய்ப் பாடுபட்டாள், கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தாள், நோயோ கூடிற்றேயன்றிக் குறையவில்லை என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறார். தாமே ஒரு வைத்தியர் என்று மரபு கூறும் புனித லூக்காவோ, நோய் கூடிற்று என்ற செய்தியை மட்டும் மெல்ல விட்டுவிடுகிறார். தொழிற்பாசம் யாரைத்தான் விட்டது!

இந்தப் பெண்ணை விசுவாசத்துக்கு எடுத்துக்காட்டாகப் பிரசங்கங்களிற் காட்டி வருகிறோம். ஆனால் அந்த 12 ஆண்டுகளை நாம் நின்று பார்ப்பதில்லை. ஒவ்வொரு வைத்தியரும் ஒவ்வொன்று சொல்லியிருப்பார். இதையும் செய்து பார்ப்பதா, போதும் என்று இருந்துவிடுவதா என்று அவளும் ஒவ்வொரு முறையும் தனக்குள்ளே கேட்டிருப்பாள். ஏன் வைத்தியரிடம் போனாய் என்று ஆண்டவர் அவளைக் கடியவில்லை. ஏன் அவர்களை விட்டுவிட்டு வந்தாய் என்றும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வி இன்று நமது வீடுகளிலும் கேட்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 78 வயது, சில காலத்துக்கு முன் என்னிடம் கேட்டார். பெயரும் பங்கும் வேண்டாம், மற்றதை எழுதுங்கள் என்று அவரே சொன்னபடியால் எழுதுகிறேன். "சுவாமி, இரத்தம் ஏத்திறதுக்கு நான் மாட்டன் எண்டு சொல்லேல்லை. ஆனா உந்தப் பெரிய ஊசி எனக்கு வேண்டாம் எண்டு சொன்னால், அது தற்கொலை மாதிரி ஒரு பாவமோ?"

அவருக்கு வந்திருப்பது மைலோடிஸ்பிளாஸ்டிக் சின்ட்ரோம் என்ற நோய். பெயர் நீளமானது, நடப்பதை எளிதாகச் சொல்லலாம். நமது இரத்தத்தின் செங்குழியங்களும் வெண்குழியங்களும் சிறுதட்டுக்களும் எலும்புக்குள்ளிருக்கும் மச்சையிலே உண்டாகின்றன. இந்நோயில் மச்சை வேலை செய்கிறது, ஆனால் கோணலாகச் செய்கிறது. உருவாகும் குழியங்கள் சரியாக முதிர்வதில்லை. பல வெளியே வருமுன்னரே மடிந்துபோகின்றன. அதனால் சோகை, களைப்பு, அடிக்கடி காய்ச்சல், இலேசாகத் தட்டினாலும் கண்டிப்போதல். பெரும்பாலும் 70 வயதை அண்டியும் அதற்கு மேலும் வருகிற நோய் இது. சிலருக்குப் பல ஆண்டுகள் அமைதியாக இருக்கும். சிலருக்குக் கொடிய இரத்தப் புற்றுநோயாக மாறும். எந்த வகை என்பதை மச்சையைச் சோதித்து, புள்ளி போட்டுக் கணக்கிட்டு வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். அந்தப் புள்ளியைக் கேட்டு அறியாமல் இந்நோயில் எந்த முடிவும் எடுக்கக்கூடாது. ஆபத்துக் குறைந்த வகையாயின், கிளினிக்குக்கு ஒழுங்காகப் போய்வந்து பார்த்துக்கொண்டிருப்பதே பலருக்குப் போதுமான வைத்தியம். "மருந்தே தராமல் அனுப்பிவிட்டார்கள்" என்று பிள்ளைகள் குறைபடுவதுண்டு. குறைபட வேண்டியதில்லை; மருந்து தேவைப்படாத காலத்தில் மருந்து தராமலிருப்பதும் வைத்தியந்தான்.

சோகை கூடும்போது, சிலருக்கு எரித்ரோபொயெற்றின் ஊசி உதவுகிறது. அது போதாதவர்களுக்கு இரத்தம் ஏற்றவேண்டும். ஏற்றிய மறுநாள் முகம் தெளியும், கோயிலுக்கு நடந்து போகலாம், சாப்பாட்டிலும் ருசி வரும். ஆனால் அதிலும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பையிற் சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடம்போ நாளொன்றுக்கு ஓரிரு மில்லிகிராமுக்கு மேல் வெளியே விடாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டு பை ஏற்றினால், ஆண்டுக்கு 7 கிராம் இரும்பு சேரும். ஒரு மனிதனின் முழு உடம்பிலும் இருக்கவேண்டிய இரும்பே 3, 4 கிராம்தான். மிஞ்சியது ஈரலிலும் இருதயத்திலும் படிகிறது. அதை அகற்ற மருந்துண்டு: முன்னர் இரவிரவாகத் தோலின் கீழ் மெல்லச் செலுத்துவது மட்டுமே இருந்தது, இப்போது குளிசையும் இருக்கிறது. இரும்பின் கெடுதி தெரிய ஆண்டுகள் ஆகும். ஆகவே இன்னும் பல ஆண்டு வாழக்கூடிய 70 வயதுக்காரருக்கு அந்த மருந்து அவசியமாகலாம். ஓராண்டைத் தாண்டுவதே அரிதாயிருக்கும் 85 வயதுக்காரருக்கு அது வீண் பாரமாகலாம். ஒரே நோய், ஒரே மருந்து. ஆள் வேறு, நியாயமும் வேறு.

ஆசிரியர் சொன்ன "பெரிய ஊசி" அசாசிற்றிடீன். ஆபத்துக் கூடிய வகைக்கு அதைக் கொடுக்கிறார்கள். 28 நாளுக்கு ஒருமுறை, ஏழு நாட்கள் ஊசி. 358 நோயாளரை வைத்துச் செய்த ஆய்வொன்று 2009இல் வெளிவந்தது. வழமையான சிகிச்சை பெற்றவர்களிற் பாதிப்பேர் 15 மாதங்களுக்கு மேல் உயிரோடிருந்தனர். இந்த ஊசி பெற்றவர்களிற் பாதிப்பேர் 24.5 மாதங்களுக்கு மேல் இருந்தனர். இது சிறிய காரியமன்று. ஆயினும் முதல் இரண்டு மூன்று சுற்றுகளில் இரத்தம் இன்னும் இறங்கி, காய்ச்சலும் தொற்றும் வரலாம். ஆறு சுற்றுவரை பொறுத்துப் பார்த்துத்தான் பலன் உண்டா இல்லையா என்று சொல்லமுடியும். நோயை அடியோடு மாற்றக்கூடியது பிறருடைய மச்சையை ஏற்றுவது ஒன்றே. அதைத் தாங்க உடம்பு வேண்டும். 78 வயதில் வைத்தியர்கள் அதைப் பேசுவதேயில்லை.

இனித் திருச்சபையின் போதனைக்கு வருவோம். பலர் நினைப்பதுபோல், எவ்வழியிலேனும் உயிரை நீட்டியே ஆகவேண்டும் என்று திருச்சபை ஒருபோதும் படிப்பித்ததில்லை. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியாவின் சலமாங்காவிலே படிப்பித்த சாமிநாதர் சபைக் குரு பிரான்சிஸ்கோ தே வித்தோரியா இதை ஆராய்ந்தபோது கோழியை உதாரணத்துக்கு எடுத்தார். கோழியிறைச்சி சாப்பிட்டால் ஆயுள் கூடும் என்று வைத்தியர் சொன்னாலும், சாதாரண உணவோடு இருந்துவிடுவது பாவமாகாது என்பது அவர் தீர்ப்பு. கோழி அந்நாளில் பணக்காரர் உணவு. உயிரைக் காப்பது கடமை. ஆனால் வசதிக்கு மிஞ்சிய வழிகளையெல்லாம் தேடிப்பிடிப்பது கடமையன்று என்பதே கருத்து. பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1957 நவம்பர் 24இல் மயக்கமருந்து வைத்தியர்களுக்கு ஆற்றிய உரையில் இதையே உறுதிப்படுத்தினார். ஆளையும் இடத்தையும் காலத்தையும் பொறுத்துச் சாதாரணமாயுள்ள வழிகளே கடமையாகும். தனக்கோ பிறருக்கோ பாரதூரமான சுமையாகும் வழிகள் கடமையாகா.

"இடத்தையும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கு மாதம் ஏழு நாள் ஊசி சாதாரண வழியாக இருக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கொழும்புக்குப் போய், உறவினர் வீட்டில் தங்கி, கூடவே மகள் வேலையை விட்டு நிற்கவேண்டிய ஒருவருக்கு அது அப்படியாகாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். பஸ்ஸும் சாப்பாடும் மகளின் சம்பளமும் இலவசமல்லவே.

பின்னர், பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பரின் அங்கீகாரத்தோடு 1980 மே 5இல் விசுவாசக் கோட்பாட்டுச் சபை வெளியிட்ட அறிக்கை இன்னும் விளக்கமாகப் பேசுகிறது. சிகிச்சையின் தன்மை, கடினம், ஆபத்து, செலவு ஆகியவற்றை, வரக்கூடிய பலனோடும் நோயாளியின் உடல், மன நிலையோடும் வைத்து நிறுக்கவேண்டும். சுமைக்குப் பலன் ஈடாகாவிட்டால் மறுக்கலாம். அந்த மறுப்புத் தற்கொலையாகாது. தொடங்கிய சிகிச்சை எதிர்பார்த்த பலனைத் தராவிட்டால் நிறுத்தவும் செய்யலாம். இந்தக் கடைசி வார்த்தையை நம்மவர் அறியார். தொடங்கினால் விடமுடியாது என்ற பயத்தினாலேயே பலர் தொடங்க மறுக்கிறார்கள். "ஆறு சுற்றுப் போட்டுப் பார்ப்போம் டொக்டர், பிறகு இருந்து கதைப்போம்" என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்வதில் தவறேதுமில்லை.

ஆசிரியருக்கு இவற்றைச் சொன்னேன். பாவமில்லை, ஆனால் விளங்கிக்கொண்டு வேண்டாம் என்று சொல்லுங்கள், விளங்காமற் சொல்லாதீர்கள் என்றேன். அப்போதுதான் தெரிந்தது, தமக்கு எந்த வகை நோய், ஊசியால் எத்தனை மாதம் கிடைக்கலாம் என்பதொன்றும் அவருக்குத் தெரியாது. வைத்தியர் மகளிடம் சொன்னார். மகள் ரொறன்ரோவிலிருக்கும் தமையனிடம் சொன்னாள். தமையன் தொலைபேசியில், "அப்பாவுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ, பயந்துபோவார்" என்றுவிட்டான். ஊர் முழுவதற்கும் தெரிந்த நோய், நோயாளிக்கு மட்டும் தெரியாது!

பெற்றோரே, பிள்ளைகளே, இது நமது சமூகத்தின் பெருங்குறை. அன்பினால்தான் மறைக்கிறோம்; மறுக்கவில்லை. ஆனால் 40 ஆண்டு வகுப்பறையில் நின்று மற்றவருக்கு அறிவூட்டிய மனிதனை, அவருடைய இரத்தத்தைப் பற்றியே அறியவிடாமல் வைத்திருக்க நமக்கு உரிமையில்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி ஏடு தெளிவாகச் சொல்கிறது: நோயாளிக்கு அறிவும் ஆற்றலும் இருக்குமட்டும் முடிவு அவருடையது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பணம் அனுப்புகிறீர்கள், அதற்கு நன்றி. "எவ்வளவு செலவானாலும் எல்லாம் செய்யுங்கோ" என்று நீங்கள் சொல்வது, சில வேளைகளில் பக்கத்தில் இல்லாத மனவருத்தத்தைத் தீர்க்கச் சொல்வதாயிருக்கிறது. அந்த வருத்தத்தை அப்பாவின் நரம்பிலே ஏற்றவேண்டாம். ஒரு வாரம் வந்து அவரோடு இருந்து, அவரிடமே கேளுங்கள்.

ஆசிரியர் தாமே வைத்தியரிடம் போனார், எல்லாம் கேட்டார், ஊசி வேண்டாம் என்றார். இரத்தம் மட்டும் ஏற்றிக்கொள்கிறார். இதே நோய் கண்ட வேறொருவர், பேத்தியின் முதல் நன்மைவரை இருக்கவேண்டும் என்று ஊசியை ஏற்று, இப்போது நான்காம் சுற்றில் நிற்கிறார். இருவரில் ஒருவரும் தவறிழைக்கவில்லை.

ஆனால் இதைக் கேட்டு, எல்லா மருந்தையும் வேண்டாம் என்று சொல்ல யாரும் புறப்பட வேண்டாம். பொலிசைதீமியா வேரா என்று இன்னொரு இரத்த நோயுண்டு. அதிலே செங்குழியம் குறைவதில்லை, அளவுக்கு மிஞ்சுகிறது. இரத்தம் தடித்து, கட்டிபட்டு, பாரிசவாதமும் மாரடைப்பும் வரும். அதற்கு முதல் வைத்தியம், இரத்ததானம் செய்வதுபோல ஒரு பை இரத்தத்தை அவ்வப்போது எடுத்துவிடுவதும், தக்கவர்களுக்குச் சிறு அளவு அஸ்பிரினும். 60 வயதைக் கடந்தவர்களுக்குப் பொதுவாக ஹைட்ரொக்சியூரியா குளிசையும் சேரும். செங்குழியத்தின் பங்கு நூற்றுக்கு 45க்குக் கீழே வைக்கப்பட்டவர்களைவிட, 45க்கும் 50க்கும் இடையில் விடப்பட்டவர்களுக்கு இருதய மரணமும் பெரிய இரத்தக்கட்டியும் ஏறத்தாழ நான்கு மடங்கு வந்ததென 2013இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இவ்வளவு இலேசான, இவ்வளவு பலனுள்ள வழியை, "ஆச்சிக்கு வயசு போச்சு, இனி என்னத்துக்கு" என்று விடுவது வேறு காரியம். ஆச்சி தாமே, "பிள்ளையளுக்குக் கரைச்சல்" என்று மறுப்பதும் உண்டு. அவரிடம் திருப்பிக் கேளுங்கள்: மருந்து பாரமா, அல்லது தாமே பாரம் என்று நினைக்கிறாரா? முன்னையது நியாயமான காரணம். பின்னையதற்கு மருந்து நம்மிடமே இருக்கிறது. மருந்தையும் மருத்துவனையும் இறைவனே தந்தார் என்று சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரத்தில் எழுதியிருப்பதை வீட்டிலே ஒருமுறை சேர்ந்து வாசியுங்கள்.

பெரிய சிகிச்சையை விட்டவர்களுக்கும் விடமுடியாதவை சில உண்டு: உணவு, தண்ணீர், நோவு தணிக்கும் மருந்து, உடம்பு கழுவி விரிப்பு மாற்றுவது, பக்கத்தில் ஓர் ஆள். நோயிற் பூசுதலும் அவற்றுள் ஒன்று. 1972இல் பாப்பரசர் 6ஆம் சின்னப்பர் அதன் முறையைத் திருத்தியமைத்து அரை நூற்றாண்டு கடந்தபின்னும், அதை அவஸ்தைப் பூசுதல் என்றே சொல்லி, மூச்சு இழுக்கும்வரை குருவானவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவைக்கிறோம். நோய் கடுமையென்று அறிந்த கிழமையிலேயே அழையுங்கள். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம்.

இளைஞருக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஆசிரியருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏறும் இரண்டு பையும் யாரோ இருவர் கொடுத்தவை. சிறுதட்டுக்கள் சுமார் ஐந்து நாளுக்கு மேல் பழுதின்றி இரா. செங்குழியமும் ஆறு வாரத்துக்கு மேல் நில்லாது. ஆகவே திருநாளுக்கு ஒருமுறை கூட்டமாகக் கொடுத்துவிட்டு ஓய்ந்திருப்பது போதாது. 18 வயதுக்கு மேற்பட்டு 60க்குட்பட்ட சுகதேகிகள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். பங்குதோறும் இளைஞர் மன்றத்தார் ஒரு பெயர்ப்பட்டியல் எழுதி, மாதத்துக்கு இத்தனை பேர் என்று முறைவைத்து இரத்த வங்கிக்குப் போய்வரலாமே.