உட்காரத் தெரியாதவர்களுக்கான நாற்காலி

ராக்கிங் சேர் ஒன்றைச் செய்யத் தொடங்குகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, அதில் உட்காரப்போவது யார் என்பதை. (ஆடுநாற்காலி என்று தமிழில் எழுதிப் பார்த்தேன். கண்ணுக்குள் ஓர் ஆடு வந்து நிற்கிறது. ராக்கிங் சேர் என்றே வைத்துக்கொள்வோம்.) சாதாரண நாற்காலிக்கு இந்தக் கேள்வி பெரிதாகத் தேவையில்லை. நாலு காலும் சமமாக நின்றால் போதும், யார் வேண்டுமானாலும் உட்காரலாம். ராக்கிங் சேரின் அடியில் இருக்கும் இரண்டு வளைந்த சட்டங்களும் ஒரு பெரிய வட்டத்தின் துண்டுகள். ஆரம் பெரும்பாலும் 40 அங்குலத்தை ஒட்டி இருக்கும். ஆளும் நாற்காலியும் சேர்ந்த எடையின் மையம் அந்த வட்டத்தின் மையத்துக்குக் கீழே இருக்கும்வரை, சாய்ந்த நாற்காலி தானாகத் திரும்பி வரும். இரண்டு மையங்களும் நெருங்க நெருங்க ஆட்டம் நிதானப்படும். எடை மேலே போய்விட்டால் ஆளை மல்லாக்கத் தள்ளிவிடும். ஆறடி ஆளுக்கு அமைந்த நிதானம் அஞ்சடி ஆளுக்கு வராது.

அதைவிட முக்கியம் கால். ஊஞ்சலை யாராவது ஆட்டிவிடலாம். தூளியை ஆட்டிவிட்டே ஆகவேண்டும். ராக்கிங் சேரில் உட்கார்ந்திருப்பவர் தன் பாதத்தால் தரையை லேசாகத் தொட்டு, தானே ஆட்டிக்கொள்ள வேண்டும். பாதம் எட்டவில்லை என்றால் அது வெறும் உயரமான பலகை.

நாங்கள் இருக்கும் வட கரோலினாவில் இந்த நாற்காலிக்குத் தனி மரியாதை. வீட்டின் முன்னால் போர்ச் என்று ஒரு தாழ்வாரம் இருக்கும், நம்ம திண்ணைக்குக் கூரையும் கைப்பிடிச் சட்டமும் போட்ட மாதிரி. அதில் இரண்டு ராக்கிங் சேர் இல்லாவிட்டால் வீடு முழுமையாகாது. சார்லட் விமான நிலையத்துக்குள்ளேயே வெள்ளை ராக்கிங் சேர்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். அடுத்த விமானத்துக்கு ஓட வேண்டியவர்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். 1955இல் முதுகுவலியோடு வந்த கென்னடிக்கு மருத்துவர் ஜேனட் ட்ராவல் சிபாரிசு செய்ததும் இந்த மாநிலத்தின் ஆஷ்பரோவில் செய்யப்பட்ட ஓக் மர ராக்கிங் சேர்தான். ஜனாதிபதி ஆனபிறகு அதை விமானத்திலும் ஏற்றிக்கொண்டு போனார். உலகத்திலேயே பரபரப்பான வேலையில் இருந்த மனிதர் எல்லோரும் பார்க்க ஆடிக்கொண்டிருந்தார். யாரும் அவரைச் சோம்பேறி என்று சொல்லவில்லை.

எங்கள் போர்ச்சிலும் முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன இரண்டு இருந்தன. என் பிரசவத்துக்கு வந்த அம்மா ஆறு மாதம் இந்த வீட்டில் இருந்தாள். அந்த நாற்காலியில் உட்காரவில்லை. போர்ச் படிக்கட்டில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். "அதுல உக்காருங்கம்மா" என்றால், "வேலவெட்டி இல்லாதவ மாதிரி சும்மா ஆடிக்கிட்டா கெடக்கச் சொல்றே?" என்பாள். ஒருநாள் வற்புறுத்தியதும் ஏறி உட்கார்ந்தாள். நாலடி பத்தங்குல உயரம். பாதம் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. ஒரு நிமிஷம் இருக்கும். "அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்து போய்விட்டாள். அடுப்பில் பால் இல்லை.

அந்த இல்லாத பாலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

"எங்க அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை." இந்த வாக்கியத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அன்னையர் தினப் பதிவுகளில் வரும், அஞ்சலிக் கூட்டங்களில் வரும், சினிமாக்காரர்களின் பேட்டிகளில் தொண்டை அடைக்க வரும். எப்போதும் புகழ்ச்சியாகத்தான் வரும். இதைப் புகழ்ச்சி என்று நாம் ஏன் நினைக்கிறோம்? ஒரு மனிதர் நாற்பது வருஷம் உட்காரவில்லை என்றால் அவருக்கு யாரோ நாற்காலி தரவில்லை என்றல்லவா அர்த்தம்? தோட்டத்துக் கூலியைப் பற்றி அவர் முதலாளியின் மகன் இதே வாக்கியத்தைச் சொன்னால் நமக்குக் கூசும். வீட்டுக்குள் சொன்னால் கண் கலங்குகிறோம்.

நம் வீடுகளில் நாற்காலிக்குப் பால் உண்டு. ஈஸி சேர் தாத்தாவுக்கு, பிறகு அப்பாவுக்கு. அவர் வெளியூர் போயிருந்தாலும் அது காலியாகவே கிடக்கும். திண்ணை ஆண்களுக்கு, அதிலும் எல்லா ஆண்களுக்கும் இல்லை. தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி', 1997இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற நாவல், இந்த நாற்காலியின் கொடூரத்தைச் சொல்கிறது. முஸ்தபாக்கண்ணு சாய்ந்து கிடக்கக் கிடக்க வீடு கரைந்துகொண்டே போகும். அந்த நாவலைப் படித்தவர்களுக்கு ஓய்வு என்ற சொல்லின் மேலேயே சந்தேகம் வரும். ஒருவர் சாய்ந்திருக்க இன்னொருவர் நின்றுகொண்டிருக்க வேண்டும்.

தத்துவத்துக்கும் இந்தக் கறை உண்டு. நாம் வேலை செய்வதே ஓய்வைப் பெறுவதற்காகத்தான் என்றார் அரிஸ்டாட்டில். அழகான எண்ணம். அவர் காலத்து ஏதென்ஸில் அந்த ஓய்வைத் தாங்கிப் பிடித்தவர்கள் அடிமைகள். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1932இல் சும்மா இருத்தலைப் புகழ்ந்து எழுதிய கட்டுரையில், நாளைக்கு நாலு மணி நேரம் வேலை செய்தால் போதும் என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த கட்டுரை அது. கூடவே ஒரு கேள்வியும் வரும்: அடுப்படிக்கு ஏது நாலு மணி? மூன்று வேளை பசிக்கிறதே.

ஆனால் இதையே காரணமாகச் சொல்லி ஓய்வைச் சந்தேகப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஜோரா நீல் ஹர்ஸ்டனின் 1937ஆம் ஆண்டு நாவலில் ஃப்ளோரிடாவின் கறுப்பின மக்கள் அந்திவேளையில் போர்ச்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு காட்சி ஆரம்பத்திலேயே வரும். பகல் முழுக்க அடுத்தவர் வேலைக்கான வெறும் உடம்பாக இருந்தவர்கள், உட்கார்ந்ததும் பேச்சும் கிண்டலும் தீர்ப்பும் உள்ள மனிதர்களாகிவிடுகிறார்கள். அவர்களுடைய ஓய்வு யாரையும் நிற்க வைக்கவில்லை. அவர்களுக்கு அது மிச்ச நேரமும் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவர்கள் தங்களுக்குச் சொந்தமாக இருந்தார்கள்.

இங்கே ஷேக்கர்களைச் சொல்ல வேண்டும். 1774இல் ஆன் லீ என்ற பெண்ணோடு இங்கிலாந்திலிருந்து வந்த சிறு கிறிஸ்தவப் பிரிவு. திருமணம் கிடையாது, தனிச்சொத்து கிடையாது, வேலையே வழிபாடு. தரையைப் பெருக்க வசதியாக நாற்காலிகளைச் சுவரில் ஆணியில் மாட்டிவைப்பார்கள். உட்காரும் பொருளையே தூக்கி மாட்டிய இந்த மனிதர்கள்தான் அமெரிக்காவின் மிக நேர்த்தியான ராக்கிங் சேர்களைச் செய்தார்கள். முதலில் முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும், பிறகு மற்றவர்களுக்கும். நியூயார்க்கின் மவுண்ட் லெபனானில் தொழிற்சாலை வைத்து, குழந்தைக்கான 0 முதல் பெரிய ஆளுக்கான 7 வரை எண் போட்டு விற்றார்கள். ஆளுக்குத் தக்க நாற்காலி என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

சோம்பலுக்கு அஞ்சியவர்கள் ஏன் இதைச் செய்தார்கள் என்று யோசித்திருக்கிறேன். என் ஊகம் இது: ஈஸி சேரில் விழுந்தால் உடம்பை ஒப்புக்கொடுத்துவிட வேண்டும். ராக்கிங் சேர் அப்படிக் கேட்பதில்லை. பாதத்துக்கு ஒரு சின்ன வேலை தருகிறது. சும்மா இருக்கக் கூச்சப்படுகிறவர் அந்தச் சின்ன வேலையின் மறைவில் உட்கார்ந்துகொள்ளலாம். அம்மாவுக்கு இதுதான் சரி என்று எனக்குத் தோன்றியது. கால் எட்ட வேண்டும், அவ்வளவுதான்.

நகரத்தில் மாதச் சந்தா கட்டி இயந்திரங்களைப் பயன்படுத்திக்கொள்ளும் தச்சுக்கூடம் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமைகளில் அங்கே போகிறேன். மழைச்சாரல் படும் இடம் என்பதால் வெள்ளை ஓக். சிவப்பு ஓக்கின் துளைகள் திறந்தே இருப்பதால் தண்ணீரை உறிஞ்சிவிடும். கால்களுக்கு ஈரம் முழுதும் போகாத மரம், குறுக்குச் சட்டங்களுக்கு நன்றாகக் காய்ந்த மரம். பொருத்தியபின் கால் மெல்லக் காய்ந்து சுருங்கி சட்டத்தைக் கவ்விக்கொள்ளும். ஆணி தேவையில்லை. இதைக் கற்றுக்கொண்ட அன்று எனக்கிருந்த சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

அளவுக்காக வீடியோ காலில் அம்மாவிடம் டேப் எடுக்கச் சொன்னேன். முழங்காலின் பின்மடிப்பிலிருந்து குதிகால் வரை. "எதுக்குடி இதெல்லாம், எனக்குப் பாவாடை தைக்கப் போறியா?" பதினாலரை அங்குலம். கடையில் விற்பதெல்லாம் பதினேழு.

தமிழ்நாட்டில் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று எழுதினார்கள். கேரளத்தில் 2018லேயே, துணிக்கடைப் பெண்கள் போராடிப் பெற்றது. பன்னிரண்டு மணி நேரம் புடவை விரித்துக் காட்டும் பெண்ணுக்கு முக்காலி கொடுக்க ஒரு சட்டம் வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம், இருக்கை இருந்தாக வேண்டும் என்று அது முதலாளிக்குத்தான் சொல்கிறது. உட்கார்ந்தாக வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லவில்லை.

இப்போது கைப்பிடியில் வந்து நிற்கிறேன். மெல்லிசாக இரண்டரை அங்குலத்தில் செதுக்கினால் பார்க்க லட்சணமாக இருக்கும், மேலே எதையும் வைக்க முடியாது. அகலமாகச் செய்தால் காபி டம்ளர் நிற்கும். அம்மாவின் கீரைத்தட்டும் நிற்கும். மெல்லிசாகச் செய்வதில் எனக்கு ஓர் ஆசை இருந்தது: கையில் வேலையில்லாமல் அம்மாவை ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும். ஆனால் எழுபது வயதுப் பெண்ணிடமிருந்து வேலையைப் பிடுங்கிக்கொண்டு "இப்ப ஓய்வெடு" என்று சொல்வதும் ஒரு கட்டளைதான். அவள் கேட்ட கட்டளைகள் போதும்.

போன வாரம் சொன்னேன், கால் எட்டும்படி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன் என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதுல உக்காந்தா வெங்காயம் உரிக்கலாமா?" என்றாள்.

வலது கைப்பிடியை ஏழு அங்குலத்துக்குக் குறித்திருக்கிறேன். இடது மூன்று.